ஈசியூவை மாற்றும் முன் கப்ளரைத் திறந்து பாருங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்தும் பாம்பன் தீவிலிருந்தும் வந்தவை. புகாரும் ஏறக்குறைய ஒன்றுதான்: மோட்டார் சைக்கிளின் மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன, பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் ‘தொடர்பு இல்லை’ என்று வருகிறது, பட்டறையில் ஈசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) போன்ற விலை கூடிய பாகம் ஒன்றை மாற்றச் சொல்கிறார்கள். ஆகவே அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

மீன் வியாபாரி, பாம்பன்

கேள்வி: 2021-இல் வாங்கிய என் வண்டியில் தினமும் விடியற்காலையில் மீன் பெட்டி கட்டி இராமநாதபுரத்துக்குச் சென்று வருகிறேன். சில வாரங்களாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் இஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிகின்றன. வேகம் காட்டும் எண் பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. ஸ்கேனரில் யு 0121 என்று வந்ததால் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: கீழே சொல்லும் சோதனைகள் முடியும் வரை மாற்ற வேண்டாம். ‘யு’ என்று தொடங்கும் குறியீடுகள் எல்லாம் யூனிட்டுகளுக்கு, அதாவது வண்டியிலுள்ள மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு, இடையே நடக்கும் தகவல் தொடர்பைப் பற்றியவை. யு 0121 என்பது, ஏபிஎஸ் யூனிட்டிடமிருந்து வர வேண்டிய செய்தி உரிய நேரத்தில் வரவில்லை என்று வேறொரு யூனிட் பதிவு செய்த புகார். ஏபிஎஸ் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. ஏபிஎஸ் யூனிட்டுக்கு மின்சாரம் போகாவிட்டாலும், எர்த் விட்டுப்போயிருந்தாலும், நடுவில் வயர் அறுந்திருந்தாலும், வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் இருக்கும் உலோக முனையில், அதாவது பின்னில், களிம்பு ஏறியிருந்தாலும் இதே குறியீடுதான் வரும். வேக எண் இறங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஏனென்றால் பல வண்டிகளில் சக்கரத்தின் வேகத்தை ஏபிஎஸ் யூனிட்தான் அளந்து மீட்டருக்கு அனுப்புகிறது.

சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று தாங்கள் எழுதியிருப்பது நல்ல தடயம். யூனிட்டுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் கேன் எனப்படும் இணைப்பு முறையை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் கார்களுக்காக வெளியிட்டது. இன்று அதே முறை நம் மோட்டார் சைக்கிள்களிலும் இருக்கிறது. கடலில் படகுகள் எல்லாம் ஒரே வயர்லெஸ் சேனலில் பேசுவதைப் போல, ஈசியூ, ஏபிஎஸ், மீட்டர் ஆகிய அனைத்தும் ஒரே இரண்டு வயர்களில்தான் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு யூனிட்டும் தான் செய்தி அனுப்பும்போது நேரும் பிழைகளைத் தானே எண்ணிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு 255-ஐத் தாண்டினால், மற்றவற்றின் பேச்சைக் கெடுக்காமல் இருக்க அந்த யூனிட் இணைப்பிலிருந்து தானாகவே விலகிக்கொள்ளும். சாவியை அணைத்து மறுபடி போடும்போது கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், பழுது அப்படியே இருக்கும்போதும் விளக்குகள் அணைந்துவிடுகின்றன. உள்ளே எரிந்துபோன யூனிட் பெரும்பாலும் இப்படி வந்து வந்து போவதில்லை. ஆடும் தொடுப்பும் ஈரம் பட்ட தொடுப்பும்தான் இப்படி நடந்துகொள்ளும்.

தாங்கள் மீன் பெட்டி கட்டுவதாக எழுதியதால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது. பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரில் உப்பு கலந்திருக்கிறது. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், செம்பையும் அரிக்கும். பெட்டியின் மூலையிலிருந்து சொட்டி, சீட்டுக்கு அடியில் வயரிங்கின் மேல் விழுந்து, வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, தாழ்வான இடத்தில் எந்தக் கப்ளர் இருக்கிறதோ அதில் போய்த் தேங்கும். சீட்டைக் கழற்றி, பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு, அந்தப் பகுதியில் உள்ள கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு வயரும் நுழையும் இடத்தில் மிளகளவு ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். எந்த வயரில் அது பின்னுக்கு நகர்ந்தோ கிழிந்தோ இருக்கிறதோ, அந்த வயரின் பின்னைச் சுற்றித்தான் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். சில சமயம் பின் பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும், ஆனால் வயரை இலேசாக இழுத்தால் பின்னோடு சேரும் இடத்திலேயே கையோடு வந்துவிடும். மேல்தோலை உரித்தால் உள்ளே செம்பு கறுத்து, நகம் பட்டாலே உதிரும். உப்பு நீர் தோலுக்குள்ளேயே ஊர்ந்து ஏறுவதால் கப்ளரிலிருந்து விரற்கடை தூரத்துக்கு மேலும் அந்தக் கறுப்பு போயிருக்கக்கூடும். நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டுத்தான் புதிய வயரை இணைக்க வேண்டும்.

களிம்பு இலேசாக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான தூரிகையால் துடைத்து, முழுவதும் உலரவிட்டுப் பூட்டினால் போதும். உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டாம். பின்னின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் முன்னைவிட மோசமாக அரித்துவிடும். பூச்சு போன பின்னைக் கழற்றிப் புதிய பின் போடுவதே முறை; பின் ஒன்றின் விலைக்கும் ஏபிஎஸ் யூனிட்டின் விலைக்கும் உள்ள தூரத்தை நான் சொல்லத் தேவையில்லை.

கப்ளர்கள் எல்லாம் சுத்தமாக இருந்தால், ஏபிஎஸ்ஸின் ஃபியூஸ், எர்த் போல்ட், ஹேண்டில் கழுத்தில் வளையும் வயரிங் ஆகியவற்றைப் பாருங்கள். இஞ்சினை ஓடவிட்டு, வண்டியை நிறுத்தியபடியே ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பும்போது இஞ்சின் விளக்கு எரிந்தால், வயர் அங்கே தோலுக்குள் அறுந்திருக்கக்கூடும். இவையெல்லாம் சரியென்று தெரிந்த பிறகே யூனிட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏபிஎஸ் விளக்கு எரியும்போது பிரேக் வழக்கம்போல் பிடிக்கும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வேலை நடக்காது. விடியற்காலையில் பாம்பன் பாலத்தின் மேல் ஈரமும் காற்றும் இருக்கும்போது முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள்.

ஐடிஐ மாணவர், இராமநாதபுரம்

கேள்வி: கேன் இணைப்பைச் சாதாரண மல்டிமீட்டரால் சோதிக்க முடியுமா? 60 ஓம் வர வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். ஏன் 60 என்று புரியவில்லை.

பதில்: பெரும்பகுதியைச் சோதித்துவிடலாம். கேன் வயர்கள் இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கி விடப்பட்டிருக்கும். ஒன்று ஹை, மற்றொன்று லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். செய்தி போகும்போது ஹை சுமார் 3.5 வோல்ட்டுக்கு ஏறும், லோ சுமார் 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். வாங்கும் யூனிட் இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே படிக்கிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் முறுக்கிய இரண்டு வயர்களையும் ஒரே அளவில் பாதிப்பதால் வித்தியாசம் மாறுவதில்லை. இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்திலேயே இந்த வயர்கள் ஓடினாலும் செய்தி கெடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். வயரை ஒட்டுப்போடும்போது முறுக்கைப் பிரித்து நீளமாக விட்டுவிடக் கூடாது என்று சொல்வதும் இதற்காகவே.

இணைப்பின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒவ்வொன்று இருக்கும். செய்தி முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த செய்தியைக் கெடுக்காமல் இருக்க அவை தேவை. இரண்டும் இணையாக இருப்பதால் சேர்த்து அளந்தால் 60 ஓம் காட்டுகிறது. இதைப் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, சில நிமிடங்கள் பொறுத்துத்தான் அளக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளந்தால் மல்டிமீட்டர் காட்டும் ஓமுக்குப் பொருளே இல்லை. 120 வந்தால் ஒரு முனை துண்டிக்கப்பட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயர்களும் எங்கோ ஒன்றோடொன்று தொடுகின்றன. 40 வந்தால் யாரோ மூன்றாவது ரெசிஸ்டர் உள்ள கருவி ஒன்றை இணைத்திருக்கிறார்கள். ரெசிஸ்டர்கள் எந்தெந்த யூனிட்டுக்குள் இருக்கின்றன என்பது மாடலுக்கு மாடல் மாறுவதால், அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துக்கொண்டு அளப்பது நல்லது.

பல பட்டறைகளில் 60 வந்தவுடன் வயரிங் சரி என்று முடிவு கட்டி, உடனே யூனிட்டை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். இது தவறான முடிவு. ரெசிஸ்டர்கள் ஈசியூவிலும் மீட்டரிலும் இருக்கின்றன, ஏபிஎஸ் நடுவிலிருந்து கிளையாகப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளை வயர் முழுவதும் அறுந்திருந்தாலும், ஸ்கேனரை மாட்டும் டயக்னாஸ்டிக் கப்ளரில் அளந்தால் 60 தான் காட்டும், ஏனென்றால் பிரதான வயர் முழுமையாக இருக்கிறது. ஆகவே ஏபிஎஸ் கப்ளரைக் கழற்றி, வயரிங் பக்கத்தில் உள்ள அதன் கேன் பின்கள் இரண்டுக்கும் இடையே தனியாக அளக்க வேண்டும். அங்கேயும் 60 வந்தால் வயர் அதுவரை போயிருக்கிறது. எதுவும் காட்டாவிட்டால் அந்தக் கிளையில்தான் பழுது.

பிறகு பேட்டரியை இணைத்து, சாவியைப் போட்டு, ஒவ்வொரு கேன் வயரையும் எர்த்துக்கு எதிராக அளந்து பாருங்கள். செய்திகள் வேகமாக ஓடிக்கொண்டிருப்பதால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும்: ஹை 2.5-க்குச் சற்று மேலே, லோ 2.5-க்குச் சற்றுக் கீழே, இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டி. ஒன்றில் பூஜ்யம் வந்தால் அது எர்த்தில் தொடுகிறது; 12 வந்தால் பாசிட்டிவில் தொடுகிறது. பின்னை அளக்கக் கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்துத் தொடுங்கள். வயரின் தோலைக் குத்தாதீர்கள். கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்க்காரர்களுக்கு அது சிறிய துளை, ஆனால் நம் கடற்கரையில் அந்தத் துளை வழியாக உப்பு ஈரம் இறங்கி, ஆறு மாதத்தில் புதிய பழுதாகித் திரும்பி வரும்.

குறியீடுகளைப் படிக்கும்போது ‘யார் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள்’ என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளும் பழக்கம் மிகவும் உதவும். மீட்டரும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து ஈசியூவைப் பற்றிச் சொன்னால் ஈசியூவின் ஃபியூஸ், எர்த், கப்ளர் ஆகியவற்றில் தொடங்குங்கள். எல்லாரும் எல்லாரையும் பற்றிச் சொன்னால் பிரதான வயரில் ஷார்ட் இருக்கலாம், அல்லது ஏதோ ஒரு யூனிட் இணைப்பையே அமுக்கிப் பிடித்திருக்கலாம்; அப்போது யூனிட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றியதும் அளவு சரியாகிறது என்று பார்க்க வேண்டும்.

இல்லத்தரசி, கீழக்கரை

கேள்வி: மகன் வளைகுடா நாட்டில் வேலையில் இருக்கிறான். அவன் வண்டி எட்டு மாதமாக நின்றது. தம்பி ஸ்டார்ட் செய்ய முயன்றபோது மீட்டரில் எல்லா விளக்குகளும் எரிந்தன. ஸ்கேனரில் ஏழெட்டுக் குறியீடுகள் வந்தனவாம். பெரிய செலவு வருமா?

பதில்: அநேகமாக வராது. அவ்வளவு காலம் நின்ற பேட்டரி, செல்ஃப் போடும்போது 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அந்த நொடியில் யூனிட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்து எழுவதால், ஒன்றைக் காணவில்லை என்று மற்றொன்று பதிவு செய்துவிடுகிறது. பேட்டரியை வெளியே எடுத்து முழுவதும் சார்ஜ் செய்து, சில மணி நேரம் வைத்திருந்த பின் 12.6 வோல்ட் அளவில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிற்காவிட்டால் புதிய பேட்டரி வேண்டும். பிறகு குறியீடுகளைக் குறித்து வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி எது வருகிறது என்று பார்த்தால் போதும். சீட்டுக்கு அடியில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். நின்ற வண்டிகளில் இது அடிக்கடி நடப்பதுதான்.

பட்டறை நடத்துபவர், ஏர்வாடி

கேள்வி: 2020-க்கு முந்தைய இஞ்செக்‌ஷன் வண்டி ஒன்றில் என் ஸ்கேனர் இணையவே மாட்டேன் என்கிறது. மற்ற வண்டிகளில் வேலை செய்கிறது. ஈசியூ போய்விட்டதா?

பதில்: வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடுகிறது என்றால் ஈசியூ உயிரோடுதான் இருக்கிறது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் டயக்னாஸ்டிக் கப்ளருக்கு வருவது கேன் அல்ல, கே லைன் எனப்படும் ஒற்றை வயர். அதில் வேகம் நொடிக்கு 10,400 பிட் அளவுதான். ஸ்கேனர் முதலில் ஒரு விழிப்புச் செய்தி அனுப்பி ஈசியூவை எழுப்ப வேண்டும். தங்கள் கருவியில் அந்த முறைக்கான வசதியும் அந்த மாடலும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ஸ்கேனரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போட்டு, கே லைன் பின்னை எர்த்துக்கு எதிராக அளந்தால் பேட்டரி வோல்ட்டேஜை ஒட்டி வர வேண்டும். பூஜ்யம் வந்தால் வயர் எர்த்தில் தொடுகிறது அல்லது அறுந்திருக்கிறது. அதே கப்ளரில் ஸ்கேனருக்கு மின்சாரம் தரும் பின்னிலும் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்; அந்த ஃபியூஸ் போனால் ஈசியூ நன்றாக இருந்தும் கருவி ஊமையாகிவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் நிலைமை மாறிவிட்டது. பல மாடல்களில் ஐஎஸ்ஓ 19689 தரத்திலான 6 பின் கப்ளர் இருக்கிறது. அதற்கான இணைப்பு வயர் ஒன்றை வாங்கி வையுங்கள். ஆனால் மலிவான ப்ளூடூத் கருவிகளை நம்பிப் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். அவை இஞ்சினின் பொதுவான குறியீடுகளை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும். ஏபிஎஸ்ஸுக்கும் மீட்டருக்கும் பல நேரம் போய்ச் சேருவதே இல்லை.

கல்லூரி மாணவர், தொண்டி

கேள்வி: எல்இடி விளக்குகளும் ஜிபிஎஸ் கருவியும் பொருத்திய பிறகு மீட்டர் அவ்வப்போது அணைந்து எரிகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பொருத்தியவை அனைத்தையும் கழற்றி, வயரிங்கைக் கம்பெனி கொடுத்தபடியே ஆக்கி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். கையில் கிடைத்த வயரில் கிளிப் போட்டுக் கடித்து இணைப்பு எடுத்திருந்தால், அது ஈசியூவுக்கோ மீட்டருக்கோ போகும் வயராக இருக்கக்கூடும். பிறகு வேண்டுமானால், பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸும் ரிலேயும் வைத்து இணைப்பு கொடுங்கள். முறுக்கி ஓடும் இரண்டு வயர்களில் எதையும் தொட வேண்டாம்.

வாசகர், இராமேஸ்வரம்

கேள்வி: தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை அடிக்கடி சென்று வருகிறேன். கப்ளர்களைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

பதில்: அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் கடல். காற்று வீசும் நாளில் வண்டியின் மேல் படிவது மணலும் உப்புச் சாரலும்தான். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். வாட்டர் சர்வீஸில் அழுத்தத்தோடு அடிக்கும்போது மீட்டருக்குப் பின்புறம், சீட்டுக்கு அடிப்புறம், ஏபிஎஸ் யூனிட் ஆகிய இடங்களில் நேராக அடிக்க விடாதீர்கள். ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே போன நீர் பிறகு வெளியே வர வழியில்லை. நம் பகுதியில் துரு வராமல் இருக்க அடிப்பாகம் முழுவதும் டீசல் அடிக்கும் வழக்கம் இருக்கிறது. இரும்புக்கு அது ஏதோ செய்யலாம், ஆனால் கப்ளரின் ரப்பர் வளையங்கள் டீசல் பட்டால் ஊதித் தளர்ந்துவிடும். செல்லோ டேப் சுற்றுவதும் வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், அக்டோபர் தொடங்கும் போதே, கப்ளர்களைப் பிரித்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து உலர்த்தி, ரப்பர் வளையங்களின் மேல் டைஎலக்ட்ரிக் கிரீஸை (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) மெல்லியதாகத் தடவிப் பூட்டிவிடுங்கள். கப்ளருக்குள் வயர் நுழையும் முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி கட்டினால், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மீனவர், தேவிபட்டினம்

கேள்வி: வலைப் பெட்டி வைப்பதற்காக வண்டியில் கேரியர் வெல்டிங் வைத்தேன். அன்று மாலையிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை; ஸ்கேனரும் ஈசியூவுடன் பேசவில்லை.

பதில்: பேட்டரியையும் ஈசியூ கப்ளரையும் கழற்றாமல் ஆர்க் வெல்டிங் செய்திருந்தால், அந்த மின்சாரம் ஃபிரேம் வழியாக ஈசியூவுக்குள் பாய்ந்திருக்கலாம், அப்படி நடந்திருந்தால் இந்த இதழில் உண்மையாகவே யூனிட் போன வண்டி தங்களுடையதாக இருக்கும். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, பிரதான ஃபியூஸும் ஈசியூவின் ஃபியூஸும். இரண்டாவது, எர்த் போல்ட். வெல்டிங் முடிந்த கையோடு ஃபிரேமுக்குப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். எர்த் வயரைக் கழற்றி மாட்டியிருந்தால் அது பெயிண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். போல்ட்டைக் கழற்றி, இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். பிறகு சாவியைப் போட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை ஈசியூ கப்ளரின் எர்த் பின்னிலும் வைத்து அளந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. அதற்குள் வந்து, ஈசியூவுக்கு 12 வோல்ட்டும் வந்து, அப்போதும் அது பேசாவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.